குறிப்புக்கு இடம் போதாது

டோசோ நகரத்து வானிலை அலுவலகத்தில்
என் வேலை கூட்டுவது.
நைஜரின் இந்த மூலையிலிருந்து
எழுபத்திரண்டு ஊர் மழை
எண்ணாகி என் மேசைக்கு வரும்,
நனையாமல்.

பாங்கு தாரே ஊருக்கு ஹம்சாத்து.
ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில்
இரும்புக் கம்பத்தில் மழைமானி.
விடிந்ததும் கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து
படித்து, எழுதி, கொட்டிவிட வேண்டும்.
“கொட்டுவதைக் கம்புப் பயிருக்குத்தான் கொட்டுகிறேன்,
அதையும் சேர்த்துக்கொள்வீர்களா?”
முதல் வருஷம் போனில் கேட்டாள்.
சிரித்தேன்.
அப்போது சிரிக்க முடிந்தது.

போன வருஷத்து நோட்டு என்னிடம் இருக்கிறது.

ஜூன் மூன்று. பதினெட்டு மில்லிமீட்டர்.
குறிப்பு: விதைத்தோம்.
அப்புறம் பூச்சியம். பத்தொன்பது நாள் பூச்சியம்.
ஒவ்வொன்றையும் முட்டைபோல் முழுசாக வரைந்திருக்கிறாள்,
ஒன்றில்கூடக் கை சோரவில்லை.
குறிப்பு: முளை கருகிவிட்டது.
ஜூன் இருபத்துமூன்று. இருபத்தொன்று.
குறிப்பு: மறுபடி விதைத்தோம்.
மறுபடி முட்டைகள்.
குறிப்பு: மூன்றாம் விதை, வெள்ளாடு விற்று.
கட்டம் ஒரு விரல் அகலம்தான்.
எழுத்து நெருங்கி நெருங்கி
ஓரத்தில் செங்குத்தாக ஏறுகிறது.

ஆகஸ்டில் ஓர் இரவு வந்தது.
மானி நூறுதான் பிடிக்கும்.
விடிந்தபின் படி என்பது விதி.
அவள் நடுநிசியில் எழுந்து
முழங்கால் தண்ணீரில் நடந்து
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
வழியும் முன்னே படித்து, கொட்டி, திரும்ப மாட்டியிருக்கிறாள்.
அந்த நேரத்தில் பின்னால் சமையல் குடிசை சரிந்தது.
அதை அளக்க என்னிடம் கருவி இல்லை.
காலை ஏழுக்குப் போன்:
“தொண்ணூற்றாறு. அப்புறம் அறுபத்தெட்டு.
கூட்டிக்கொள்ளுங்கள்.”

கூட்டிக்கொண்டேன்.

கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து
செப்டம்பர் கையை விரித்தது.
பருவம் முடிந்து மொத்தம் போட்டேன்:
நானூற்று எண்பத்தேழு.
முப்பது வருஷச் சராசரியைவிட
ஒரு மில்லிமீட்டர் அதிகம்.
“இயல்பான மழை” என்று தட்டச்சு செய்தேன்.
வரைபடத்தில் பாங்கு தாரே பச்சையாயிற்று.
பச்சை ஊர்களுக்குத் தானிய லாரி கிடையாது.

ஜனவரியில், ஹர்மத்தான் புழுதியில்,
உப்பு மூட்டை லாரியின் மேலே உட்கார்ந்து வந்தாள்.
முக்காட்டை உதறிவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.
தன் ஊர் எங்கே என்று கேட்டாள், காட்டினேன்.
விரலை வைத்து நெடுநேரம் நின்றாள்.
“இந்தப் பச்சையை
அறுக்க எப்போது வரலாம்?”

காற்று சூடாகிவிட்டது, அம்மா, என்று தொடங்கினேன்.
சூடேறிய காற்றுக்குப் பெரிய மடி,
நிறையும்வரை ஒரு துளி விடாது,
அவிழ்ந்தால் மொத்தமாய் அவிழ்த்துக் கொட்டும்,
மிச்ச நாளெல்லாம் மண்ணின் ஈரத்தையும்
திருப்பி உறிஞ்சிக்கொள்ளும் என்றேன்.
பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்ததுதான்.
அவள் தலையாட்டினாள்.
“தெரியும். என் புருஷன் நியாமேயில்
செங்கல் சூளையில் இருந்தான்.
கூலியை வருஷக் கடைசியில்தான் எண்ணி வைப்பார்கள்.
ஒரு காசு குறைந்ததில்லை.
பசி மட்டும் தினம் தினம் வந்தது.”

அவள் போனபின் தலைமையகத்துக்கு எழுதினேன்.
இரண்டு மழைக்கு நடுவே எத்தனை நாள் என்று
ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும்,
குறிப்புக்கு அகலம் வேண்டும்.
பழைய படிவமே இன்னும் நிறைய இருப்பதாகப்
பதில் வந்தது.
ஹம்சாத்து காத்திருக்கவில்லை.
சிமெண்ட் பை காகிதத்தைக் கீற்றாக வெட்டி
பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிவிட்டாள்.
நோட்டு இப்போது மூடுவதில்லை.

இன்று ஜூன் ஏழு.
செய்தி வந்திருக்கிறது. பதினாறு மில்லிமீட்டர்.
குறிப்பு: மண் ஒரு சாண் நனைந்திருக்கிறது.
விதை மடியில் இருக்கிறது.
ஊரே வரப்பில் நிற்கிறது.
போடலாமா?

ஜன்னலுக்கு வெளியே மேகம் மாதிரி ஏதோ.
போன் என் கையில்.
இன்னும் பதில் அனுப்பவில்லை.